மேடையின் உயரத்தை யார் சொல்வது?

"அடுக்களை வேலைக்கு நம்பிக்கையான ஆள் யாரும் இருக்காவளா?"

சங்கரன்கோவிலில் புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் தலைகாட்டாத ஆசாரி, வாட்டம் பார்க்காமல் சிங்க்கைப் பதித்துவிட்டுப் போன பிளம்பர், 'மரைன் பிளை' என்று சொல்லிவிட்டு மரத்தூள் பலகையை மாட்டிவிட்டுப் போன கான்ட்ராக்டர் என எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். டீக்கடையில், ஹார்டுவேர் கடையில், தறிக்கூட வாசலில் ஆண்கள் ஆண்களிடம் கேட்கிறார்கள். "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்ற பதிலும் ஆண்களிடமிருந்தே வருகிறது. அந்த அடுக்களையில் அடுத்த முப்பது வருடம் நிற்கப்போகிறவள் இந்தப் பேச்சில் எங்கும் இல்லை.

ஆள் வந்த பிறகும் அவள் இல்லை. கதவைத் திறப்பது அவள். வந்தவர் கேட்பது, "ஏக்கா, அண்ணாச்சி இருக்காவளா?" அண்ணாச்சி வந்துதான் அளவு சொல்ல வேண்டும், நிறம் சொல்ல வேண்டும், பணம் பேச வேண்டும். அந்த அண்ணாச்சிக்கு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. அதை யாரும் ஒரு குறையாகவே நினைப்பதில்லை.

ஆகவே, நம்பிக்கையான ஆள் கிடைப்பதில்லை என்பதை இரண்டாவது பிரச்சினையாக வைத்துக்கொள்வோம். வந்த ஆள் யாருக்கு நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் பிரச்சினை. காசு கொடுக்கிறவருக்கு நம்பிக்கை என்றால் சொன்ன தேதியில் முடிப்பது, சொன்ன தொகைக்கு மேல் கேட்காதது. நிற்கிறவளுக்கு நம்பிக்கை என்றால் முதுகு வலிக்காத உயரம், தேங்காத தண்ணீர், நிழல் விழாத வெளிச்சம், கைக்கு எட்டும் அலமாரி. முதல் பட்டியல் பேசித் தீர்க்கப்படுகிறது. இரண்டாவது பட்டியலை யாரும் கேட்பதே இல்லை.

ஐந்தடிக்காரியும் முப்பத்தாறு அங்குலமும்

உயரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ., அதாவது ஐந்து அடி. நின்று வேலை செய்யும் பரப்பு முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது உடலுழைப்பு பற்றிப் படித்தவர்கள் சொல்லும் எளிய கணக்கு. ஐந்தடிப் பெண்ணின் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். அப்படியானால் காய் நறுக்கும் மேடை 80 முதல் 85 செ.மீ., அதாவது 32, 33 அங்குலம் இருந்தால் போதும். அடுப்பு வைக்கும் இடத்துக்கு அதுவே அதிகம். கேஸ் அடுப்பே 4 முதல் 6 அங்குலம் உயரம். அதன்மேல் குக்கரோ குழம்புச் சட்டியோ ஏறி உட்காரும். அடுப்புக்கான இடம் 28 அங்குலத்துக்கு இறங்கினால்தான் அவள் சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியும்.

நடப்பது என்ன? மேடை முழுக்க ஒரே மட்டம். 34 அங்குலம் என்பது ஒரு கொத்தனாரின் கை வழக்கம். 'மாடுலர்' ஷோரூமுக்குப் போனால் அமெரிக்கச் சமையலறைகளின் வழக்கமான அளவு 36 அங்குலம் அப்படியே நம் வீட்டுக்கு வந்து இறங்கும். அந்த உயரத்தில் அடுப்பை வைத்து, அதன்மேல் ஐந்து லிட்டர் குக்கரை வைத்தால், கொதிக்கும் நீராவி முகத்துக்கு நேரே வருகிறது. சாதம் வடிக்கத் தூக்கும்போது தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. தோள்பட்டை வலி, கழுத்து வலி, கையில் சூட்டுத் தழும்பு என்று வந்தால், 'வயசாச்சு' என்று ஒரு தைலத்தை வாங்கிக் கொடுப்பார்கள். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலிக்குக் காரணம் மேடை.

இதைச் சரிசெய்ய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. கல் பதிக்கும் முன் அவளை நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, டேப்பைப் பிடித்தால் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் ஏன் கிடைப்பதில்லை? அக்னி மூலை எது என்று கேட்க வாஸ்துக்காரரைத் தேடிப் போகிறோம். அடுப்பு கிழக்கு பார்க்கிறதா என்று திசைகாட்டி வைத்துப் பார்க்கிறோம். தட்சிணையும் கொடுக்கிறோம். திசைக்கு அளவு எடுக்கத் தெரிந்த குடும்பத்துக்கு அவள் முழங்கைக்கு அளவு எடுக்கத் தெரியவில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு வெளிவந்தது 1988இல். இத்தனை வருடத்தில் மூலைக்கு கிரானைட் வந்திருக்கிறது, சிம்னி வந்திருக்கிறது. மூலை மூலையாகவே இருக்கிறது.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறி நிற்கும் வீடுகளில் தறிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அங்குலச் சுத்தமாகத் தெரியும். தறிக்குப் போக மிஞ்சிய இடம்தான் அடுக்களை. அதே பெண்தான் அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தார் சுற்றுகிறாள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவற்றில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று விளக்கு போடுகிறவர்கள், அவள் நிற்கும் இடத்துக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பல்பைப் போட்டு, அவள் நிழலிலேயே அவளைக் கத்தி பிடிக்க விடுகிறார்கள். வருமானம் தரும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதை, கூலியில்லாமல் உழைக்கும் உடம்புக்குக் கிடைப்பதில்லை.

பிளம்பரைக் கூப்பிடுவது யார் வேலை?

2021இல் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிங்க் மறந்திருக்காது. கீழே குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவன் மறந்துபோகிறான். அவள் வாளி வைக்கிறாள், சாக்கு விரிக்கிறாள், அந்த நாற்றத்தில் கை வைக்கிறாள். கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீரைக் கணவன்மீதும் மாமனார்மீதும் வீசிவிட்டு வெளியேறுகிறாள். படம் வந்தபோது பலர் சபரிமலையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்தப் படத்தின் உயிர்நாடி பிளம்பர்தான். அவன் ஏன் மறந்தான்? அந்தத் தண்ணீர் அவன் காலில் படவில்லை. அவள் ஏன் தானே கூப்பிடவில்லை? வெளி ஆளை வீட்டுக்குள் வரச்சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். ஒரு நாளில் ஐந்து மணி நேரம் ஓர் இடத்தில் வேலை செய்கிறவருக்கு, அந்த இடம் பழுதானால் ஆள் கூப்பிடும் அதிகாரம் இல்லை என்றால், உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் ஓடாது. அடுக்களை மட்டும் ஓடுகிறது.

"வேலையாள் வரும்போது வீட்டுல ஆம்பளையாளு இருக்கணும்" என்பது இன்னொரு விதி. பாதுகாப்புக்காக என்று சொல்லப்படுகிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அச்சம் இருப்பது உண்மை. அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்த விதி அச்சத்தைக் குறைப்பதில்லை. அண்ணாச்சிக்கு விடுமுறை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைவரை ஒழுகல் தொடர்கிறது, அவ்வளவுதான். கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் ஒரு குழாய் மாற்றக் கொழுந்தனோ பக்கத்து வீட்டு மாமாவோ வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வந்தவர் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனால் தெருவே கணக்கு வைக்கிறது. வேலைக்கு வருகிறவர் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு விதி போடாமல், அவளுக்கு விதி போட்டு வைத்திருக்கிறோம்.

'நம்மாளு'

நம்பிக்கையான ஆள் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தென்மாவட்டங்களில் 'நம்பிக்கையான ஆள்' என்பது பல நேரம் 'நம்மாளு' என்பதன் மரியாதையான வடிவம். திண்ணைவரை யாரும் வரலாம். கூடத்தில் டைல்ஸ் பதிக்க யாரும் வரலாம். அடுக்களைக்குள் யார் காலை வைப்பது என்று வரும்போது சாதி விழித்துக்கொள்ளும். வேலை தெரியுமா என்று கேட்கும் முன் எந்தத் தெரு என்று கேட்கிறோம். அளவு தெரியாத சொந்தக்காரப் பையனுக்கு வேலை போகிறது. வேலை தெரிந்தவர் வேறு தெருக்காரர் என்பதால் வாசலோடு திரும்புகிறார். வாய்ப்பை இழந்தவருக்கு அது அநீதி. கோணலான மேடையில் காலமெல்லாம் நிற்கிறவளுக்கும் அது தண்டனை.

இதில் பெண்களாகிய நாம் வெறும் பார்வையாளர்கள் இல்லை. வேலை முடித்தவருக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுப்பது பெரும்பாலும் பெண் கைதான். அடுக்களையில் நமக்கு அதிகாரம் இல்லை என்று பேசும் நாம், அந்த அடுக்களையின் வாசலில் சாதிக்குக் காவல் நிற்கும் அதிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அதை விடாமல் மற்றதைக் கேட்க நமக்கு வாயில்லை.

கரண்டி பிடித்தவள், கொத்துக்கரண்டி பிடிக்காதவள்

இந்த ஊரின் ஒவ்வொரு சமையல் மேடைக்கும் மணல் சலித்தது யார்? சிமெண்டைக் குழைத்தது, செங்கலைத் தலையில் சுமந்தது, கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கொடுத்தது யார்? சித்தாள். தமிழ்நாட்டில் சித்தாள் என்றால் பெரும்பாலும் பெண். பதினாறு வயதில் சித்தாளாக வந்த பையன் நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிறான். பதினாறு வயதில் சித்தாளாக வந்த பெண் ஐம்பத்தாறு வயதிலும் சித்தாள். வேலையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் எல்லாம் தெரியும். ரசமட்டம் பிடிக்கத் தெரியும், கலவை விகிதம் தெரியும். கொத்துக்கரண்டியை மட்டும் கையில் தர மாட்டார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இல் வந்தது. அதைச் சுற்றிப் போக மிகச் சுலபமான வழி, பெண்ணுக்குச் சம வேலையே கொடுக்காமல் இருப்பது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலேயே வந்துவிட்டது. உதவித்தொகை தருகிறார்கள், நல்லது. கொத்துக்கரண்டியைத் தருவது யார்?

முடியாத காரியம் இல்லை. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்டப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்ற பெயரே அங்கே புழக்கத்துக்கு வந்துவிட்டது. கேரளத்தில் கோட்டயம் பக்கம் ஏற்றுமானூரில் அர்ச்சனா பெண்கள் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுத்தருகிறது. நம் ஊரில் ஒரு பெண் பிளம்பரோ பெண் தச்சரோ இருந்தால், "அண்ணாச்சி இருக்காவளா" என்ற கேள்விக்கு அன்றே பாதி உயிர் போய்விடும். தனியாக இருக்கும் பெண்ணின் அச்சமும் குறையும். சுய உதவிக் குழுக்களுக்கு ஊறுகாயும் மெழுகுவர்த்தியும் தவிர வேறு தொழில் தெரியாது என்று யார் முடிவு செய்தது? டைல்ஸ் பதிப்பதும் குழாய் இணைப்பதும் சில மாதங்களில் கற்கக்கூடிய கைத்தொழில். ஐ.டி.ஐ.யில் சேரும் பெண்ணிடம் தையலும் கணினியும் மட்டும் போதும் என்று சொல்லும் வாயை முதலில் மூட வேண்டும்.

கூண்டுக்குப் பொன் பூச்சா?

இங்கே ஒரு தோழி குறுக்கிடுவாள். "அடுக்களையை விட்டு வெளியே வா என்று சொல்ல வேண்டிய பெண்ணியம், அடுக்களை மேடையின் உயரத்தைப் பேசிக்கொண்டிருக்கலாமா? கூண்டுக்குப் பொன் பூசுவது ஆகாதா?" கேட்க வேண்டிய கேள்விதான். வரலாறும் அவள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஃப்ராங்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று கணக்கிட்டு அமைத்தது. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று 'மாடுலர் கிச்சன்' என்று நாம் வாங்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் பாட்டி. பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்தி அவளை வெளியே அனுப்புவதே அவர் நோக்கம். பின்னால் வந்த பெண்ணியர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: அந்தச் சமையலறையில் ஒருத்தி மட்டுமே நிற்க முடியும். இன்னொருவர் வந்து உதவ இடமே இல்லை. வேலை சுலபமானது, ஆனால் அது அவள் ஒருத்தியின் வேலை என்பது சுவரிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதை வடிவமைத்த காலத்தில் தனக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெண் வடிவமைத்தால் போதாது, அங்கே நிற்கிறவளைக் கேட்டாக வேண்டும்.

அதனால் தோழிக்கு என் பதில் இது. அடுக்களை அவளுடையது மட்டும் என்ற நிலை மாற வேண்டும். அதற்கான சண்டை நடக்கட்டும். அந்தச் சண்டை முடியும்வரை அவள் முதுகு வலியோடு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். ஆலைத் தொழிலாளி முதலாளித்துவம் ஒழியும்வரை காற்றோட்டம் கேட்காமல் இருந்தாரா? பணியிடத்தின் நிலைமையைப் பேசுவது தொழிற்சங்கத்தின் பால பாடம். அடுக்களையைப் பணியிடம் என்று சொன்ன மறுகணமே அங்கே நடப்பது வேலை என்று ஒப்புக்கொண்டாகிறது. இரண்டு பேர் நிற்க இடம் விட்டுக் கட்டுங்கள். "உள்ள இடமில்ல" என்ற சாக்காவது அவருக்கு இல்லாமல் போகும்.

யார் பெயரில் ரசீது?

'என் காசு, என் வீடு' என்பார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தமிழ்நாட்டில் அது பரம்பரைச் சொத்தில் சட்டமாக அறுபது வருடம் ஆனது, 1989இல் வந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பில், வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் பணத்தில் வாங்கிய சொத்திலும், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்குப் பங்கு உண்டு என்றார். அவள் வீட்டில் உழைத்ததால்தான் அவர் வெளியே சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். 'என் காசு' என்று சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும். அரனும் அரியும் சரிபாதியாக ஒரே உருவில் நிற்கும் கோயிலால் பெயர் பெற்ற ஊர் நம் ஊர். அந்தத் திருக்கோலத்தைக் காணத் தவமிருந்தது கோமதி அம்மன் என்ற பெண். ஆடித்தபசுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சரிபாதியைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். வீட்டுக்குள் நுழைந்ததும் பாதி எங்கே போகிறது?

சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்து அமர்த்தியவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அவர் ஒப்புதலோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். கணவர் பணம் கொடுத்தாலும், வேலை கோணலானால் புகார் கொடுக்கும் உரிமை அடுக்களையில் நிற்பவளுக்கு உண்டு. குடியிருக்கும் ஊரை உள்ளடக்கிய மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். வாய்ப்பேச்சில் நடக்கும் வேலைக்குச் சாட்சி இல்லை.

ஆகவே எழுதி வாங்குங்கள். அரைப் பக்கம் போதும். என்ன அளவு, என்ன பலகை, எத்தனை மி.மீ. கனம், எத்தனை நாள், எத்தனை தவணை. தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டா என்று பலகையைப் புரட்டிப் பாருங்கள். மைகா ஒட்டிய பிறகு முத்திரை தெரியாது. சிங்க்கின் அடியில் மரத்தூள் பலகை வைத்தால் ஊறிப் பிளக்கும், பி.வி.சி. பலகை அடுப்புச் சூட்டில் வளையும். கேஸ் காற்றைவிடக் கனமானது. சிலிண்டரை அலமாரிக்குள் அடைக்கச் சொன்னால் கதவின் கீழ்ப்பக்கம் காற்றுத் துளை கேளுங்கள். டியூப் கண்ணில் படும்படி இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மேடையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி அது சிங்க்கை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசித் தவணையை ஒரு வாரம் சமைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். ரசீதில் உங்கள் பெயர் இருக்கட்டும். வேலைக்காரரின் கூலியில் பேரம் பேசி மிச்சம் பிடிக்காதீர்கள், அவரும் உழைப்பாளி. வேலை திருத்தமாக இருந்தால் சொன்ன நாளில் சொன்ன தொகை அவர் கைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். டீக்கடையில் ஆண்கள் கைமாற்றிக்கொள்ளும் பெயர்ப்பட்டியலை நாமும் வைத்துக்கொள்வோம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில், சுய உதவிக் குழுக் கூட்டத்தில், பள்ளி வாசலில். எந்தச் சாதி, எந்தத் தெரு என்பது அதில் வேண்டாம். வந்தவர் யாரைப் பார்த்துப் பேசினார், யார் கையை அளந்தார், கூப்பிட்டபோது திரும்பி வந்தாரா என்ற மூன்றும் போதும்.

கதவைத் திறந்ததும் "அண்ணாச்சி இருக்காவளா?" என்று கேட்டால், "நான் இருக்கேன், அளவு என்கிட்ட எடுங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதும் டேப்பை நீட்டுகிறவர் எவரோ, அவர்தான் நம்பிக்கையான ஆள்.